உரியாத சட்டையும் உறுத்தாத மனச்சாட்சியும்

வளர்ப்புப் பாம்பின் சட்டை ஒழுங்காக உரியவில்லை, அதற்கு என்ன மருந்து என்று கேட்போர் நம்மவரிடையேயும் பெருகி வருகின்றனர். மருந்தைப் பற்றிப் பிறகு பேசலாம். முதலில் கேட்கவேண்டியது வேறு: அந்தப் பாம்பை எப்படிப்பட்ட காற்றில் அடைத்து வைத்திருக்கிறீர்கள்? தோலுரித்தல் எந்தப் பாம்புக்கும் எவரும் கற்றுக்கொடுத்த வித்தையன்று. பெட்டிக்குள் அது பிழைத்துப் போகுமானால், பெரும்பாலும் பிழை பெட்டியை அமைத்தவருடையது.

எங்கள் வட்டகொடையைச் சூழ்ந்த தேயிலை மலைகளை எண்ணிப் பாருங்கள். இலங்கைக்கே உரிய பச்சைக் குழிவிரியன் தேயிலைச் செடிகளுக்குள்ளும் தங்கும். கொழுந்து பறிப்போரின் கைகளை அது தீண்டுவதும் உண்டு. அந்தப் பாம்புக்குச் சட்டை உரிக்க யார் உதவினார்? மழையும் மூடுபனியும், கவ்வாத்து வெட்டிய செடியின் சொரசொரப்பான தூரும் போதுமாயிருக்கின்றன. உதட்டோரத்தில் தொடங்கி, உட்புறம் வெளியாகக் கழற்றிய காலுறையைப் போல, சட்டை முழுதாகக் கழன்றுவிடுகிறது.

இதன் சூட்சுமம் எளியது. பழைய தோலின் அடியில் புதிய தோல் உருவாகிறது. இரண்டிற்கும் இடையே நிணநீர் சேர்கிறது. அப்போது கண்கள் நீலம் பாரித்து மங்கும். சில நாட்களில் அவை தெளியும். அதன் பின்னரே தோல் உரியும். காற்று வறண்டிருந்தாலோ, பாம்பின் உடலில் நீர் குறைந்திருந்தாலோ, உண்ணிகளும் நோயும் வாட்டினாலோ, உராய்வதற்கு ஒரு கல்லோ கட்டையோ இல்லாவிட்டாலோ, சட்டை துண்டு துண்டாகக் கிழிந்து ஒட்டிக்கொள்கிறது. வால் நுனியில் வளையமாக இறுகினால் இரத்த ஓட்டம் தடைப்பட்டு நுனி அழுகும். பாம்புக்கு இமை கிடையாது. கண்ணைக் காக்கும் கண்ணாடிச் செதிலும் சட்டையோடு சேர்ந்தே கழல வேண்டும். அது தங்கிவிட்டால் பார்வைக்கே கேடு.

இன்று அதிகம் வளர்க்கப்படும் பந்து மலைப்பாம்பு மேற்கு, மத்திய ஆபிரிக்காவுக்குரியது. வெளியே வெயில் எரித்தாலும், எலி வளையிலும் கறையான் புற்றிலும் அது ஈரத்தைத் தேடிக்கொள்ளும். அதைக் கொண்டுபோய் ரொறன்ரோவின் குளிர்காலத்தில் சூடேற்றிய தொடர்மாடி வீட்டிலோ, சென்னையின் குளிரூட்டிய அறையிலோ கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கிறார்கள். வெப்ப விளக்கு வாங்கப் பணமிருக்கிறது. ஈரப்பதன்மானி வாங்க நினைவில்லை.

"கூண்டிலேயே பிறந்த பாம்பு, காட்டை அறியாது" என்பது அன்பர்கள் சொல்லும் சமாதானம். பாம்பு அறியாதிருக்கலாம், அதன் தோல் அறியும். நாய் பசித்தால் குரைக்கும், பூனை காலைச் சுற்றும். பாம்போ முறையிடாத பிராணி. உரியாத சட்டைதான் அது எழுதித்தரும் ஒரே முறைப்பாட்டுக் கடிதம்.

சந்தையின் முகத்தையும் பாருங்கள். 2023 ஜனவரியில் சென்னை விமான நிலையத்தில், உரிமை கோரப்படாத பைகளில் 45 பந்து மலைப்பாம்புகள் கிடந்தன. அதே ஆண்டு ஏப்ரலில், கோலாலம்பூரிலிருந்து வந்த ஒரு பயணியின் பெட்டிகளில் 22 பாம்புகள். பயணப்பையில் சுருட்டி வந்த உயிரை வரவேற்பறையில் வைத்துவிட்டுப் பாசம் பேசுவது என்ன நியாயம்? 2020 ஜூனில் இந்திய அரசு, அயல்நாட்டு விலங்குகளை ஆறு மாதங்களுக்குள் தாமாக அறிவிப்போரிடம் ஆவணம் கேட்பதில்லை என்றது. 2022இல் திருத்தப்பட்ட சட்டம் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலிலுள்ள உயிரினங்களைப் பதிவுசெய்யச் சொன்னது. நல்லது. ஆனால் பதிவேடு உடைமையாளர் யார் என்று சொல்லுமேயன்றி, பெட்டிக்குள் காற்று வறண்டிருக்கிறதா என்று சொல்லாது.

ஏற்கெனவே வளர்ப்பவர்கள் செய்யவேண்டியதைச் செய்யட்டும். பந்து மலைப்பாம்புக்கு ஈரப்பதன் 50 முதல் 60 சதவீதம் வேண்டும். உரிக்கும் காலத்தில் 70 வரை. நனைந்த பாசியிட்ட மறைவிடம், உடல் அமிழும் தண்ணீர்ப் பாத்திரம், உராயக் கரடான கட்டை ஆகியவை கட்டாயம். அதற்காகப் பெட்டியைச் சதுப்பு நிலமாக்கினால் தோலில் கொப்புளம் காணும்; காற்றோட்டமும் தேவை. சட்டை ஒட்டிக்கொண்டால் ஆழமில்லாத வெதுவெதுப்பான நீரில் பக்கத்திலிருந்து ஊறவிட்டு, ஈரத் துணிக்குள் ஊர்ந்துபோக விடுங்கள். நகத்தால் பிய்க்காதீர்கள். கண்ணில் தங்கிய செதிலை மிருக வைத்தியர் தவிர எவரும் தொடலாகாது. முடியவில்லை என்று காட்டில் விடுவதும் தீர்வன்று. புளோரிடாவின் சதுப்பு நிலத்தில் பர்மிய மலைப்பாம்புகள் பெருகி, அங்குள்ள பாலூட்டிகளைத் தின்று தீர்த்த கதை உலகறிந்தது.

இன்னும் வாங்காதவர்களுக்கு என் சொல் ஒன்றே: வாங்காதீர்கள். ஒரு பாம்பு தன் சட்டையைத் தானே கழற்றிக்கொள்ளக்கூட இடங்கொடாத வீட்டில், அதற்கு என்ன வேலை?