குளியலறையைக் காட்டுங்கள்

சென்ற மாதம் ஒரு முதியோர் இல்லத்துக்குப் போயிருந்தேன். பூந்தோட்டத்தையும் பிரார்த்தனைக் கூடத்தையும் பெருமையோடு காட்டினார்கள். குளியலறையை நானாகத்தான் போய்ப் பார்த்தேன். வழுக்கும் தரை; பிடித்துக்கொள்ள ஒரு கம்பி கிடையாது.

"ராத்திரி எழுந்தா விழுந்துடுவேனோன்னு பயம். பொழுது சாஞ்சா தண்ணியே குடிக்கிறதில்லை, தம்பி" என்றாள் ஒரு பாட்டி.

தாகத்தை அடக்கிக்கொண்டு கிடப்பதற்குப் பெயர் பராமரிப்பா?

முதிய பெற்றோரைக் கைவிடுகிற பிள்ளைக்கு மூன்று மாதம் வரை சிறை என்கிறது 2007-ஆம் ஆண்டுச் சட்டம். நியாயம்தான். அதே சட்டம், மாவட்டத்துக்கு ஒன்றாவது, 150 ஏழை முதியோர் தங்கும்படி அரசு இல்லம் ‘அமைக்கலாம்’ என்கிறது. அதற்குத் தரமும் ‘வகுக்கலாம்’ என்கிறது. பிள்ளைக்குத் தண்டனை, அரசுக்கு ஒரு ‘லாம்’! சட்டமே இப்படி நழுவினால், இல்லத்துக்காரர் யாருக்குப் பயந்து கம்பி பொருத்துவார்?

பெற்றோரை இல்லத்துக்கு அனுப்பாதீர்கள் என்று உபதேசம் செய்ய நான் வரவில்லை. பிள்ளையே இல்லாதவர்கள் எங்கே போவார்கள்? அனுப்புகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: பூந்தோட்டத்தைப் பார்த்துப் பணம் கட்டாதீர்கள். முதலில் குளியலறையைக் காட்டச் சொல்லுங்கள்.