டைல்ஸுக்குக் கீழே இருப்பது



சத்தியமங்கலத்தில் பழைய வீட்டுக் குளியலறையைப் புதுப்பித்தவர்கள் பளபளக்கும் டைல்ஸையும் புதிய ஹீட்டரையும் மகிழ்ச்சியோடு காட்டுகிறீர்கள். “கீழே உள்ள கழிவுநீர்க் குழாயை மாற்றினீர்களா?” என்று கேட்டால், “அது ஓடிக்கொண்டுதானே இருக்கிறது, ஐயா” என்கிறீர்கள். இந்தப் பதிலை என்னால் ஏற்க முடியவில்லை.

அன்று பதித்த பீங்கான் குழாய்கள் துண்டு துண்டாகச் சிமெண்டால் இணைக்கப்பட்டவை. மண் இறங்கினால் இணைப்பு விரிசல் விடும், அதன் வழியே மரவேர் நுழையும், கழிவு தேங்கும். தரை உடைக்கப்பட்டிருக்கும் நாட்களே அதை மாற்ற ஏற்ற காலம். 4 அங்குல பி.வி.சி. குழாயை 10 அடிக்கு 3 அங்குலம் சரிவாகப் பதித்து, நீர் நிரப்பிக் கசிவு பார்த்த பிறகே தரையை மூட வேண்டும்.

செலவு அதிகம் என்கிறீர்கள். அந்தச் செலவை மிச்சப்படுத்திய பின், அடைப்பு வரும் நாளில் யாரை அழைக்கிறீர்கள்? சேம்பருக்குள் உங்கள் கை போவதில்லை. உங்கள் மகனின் கையும் போவதில்லை. ஊர்க்கோடியில் வாழும் ஒரு சகோதரனின் கை போகிறது. வேலை முடிந்து அவன் தண்ணீர் கேட்டால், தனிக் குவளையைத் தேடுகிறீர்கள்.

“இப்போது லாரி வந்து உறிஞ்சிவிடுகிறதே” என்பீர்கள். லாரி தொட்டியைக் காலி செய்யும். உடைந்த குழாயைச் சரிசெய்யாது.

பாதுகாப்புக் கருவிகளின்றி மனிதனைக் கழிவுநீர்த் தொட்டிக்குள் இறக்குவதை 2013-ஆம் ஆண்டின் சட்டம் தடை செய்கிறது. முதல் குற்றத்துக்கே 2 ஆண்டுகள் வரை சிறையோ, 2 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். சாக்கடைக்குள் இறங்கி உயிரிழப்போரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க வேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விஷவாயு தாக்கிச் சாகிறவர்கள் இன்னும் இருப்பதால்தானே அப்படியொரு தீர்ப்பு தேவைப்பட்டது?

உபாகமம் 23-ஆம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். பாளயத்துக்கு வெளியே போகிறவன் தன் கழிவைத் தானே தோண்டி மூட வேண்டும் என்பது கட்டளை. அந்த வேலைக்கென்று ஒரு கோத்திரம் ஒதுக்கப்படவில்லை. நாமோ ஒதுக்கி வைத்திருக்கிறோம். அதன் பின் ஆலயத்தில் அருகருகே அமர்ந்து திருவிருந்தும் எடுக்கிறோம்.

ஆகவே, முதல் டைல்ஸை ஒட்டுமுன் குழாயை மாற்றுங்கள். உங்கள் வீட்டுக் கழிவுக்காக இன்னொருவனைக் குழிக்குள் அனுப்பாதிருங்கள்.