‘பேட்டன்ட் பப்ளிஷ்டு’ பேனருக்குப் பின்னாடி என்ன இருக்கு?

அட்மிஷன் சீசன் வந்தா போதும், “எங்க காலேஜ்ல இத்தனை பேட்டன்ட்”னு பேனர் வெச்சுடுவாங்க. அதுல எத்தனை ‘கிராண்டட்’, எத்தனை வெறும் ‘பப்ளிஷ்டு’ன்னு கேட்டுப் பாருங்க மக்களே!

விண்ணப்பம் போட்டு 18 மாசம் ஆனா பொதுவா எல்லாமே காப்புரிமை இதழ்ல வெளியாகிடும். தனிக் கட்டணம் கட்டினா இன்னும் சீக்கிரம். புதுசா, உருப்படியான்னு பரிசோதிக்கிறது அதுக்கு அப்புறம்தான். ஆனா பப்ளிஷ் ஆனதுக்கே மார்க் போடுது ஒன்றிய அரசோட என்ஐஆர்எஃப் தரவரிசை. அப்புறம் ஏன் குவிக்க மாட்டாங்க?

இன்னொரு பக்கம், அரசுப் பல்கலைக்கழக லேப்ல நிஜமாவே கண்டுபிடிக்கிற ஆராய்ச்சி மாணவர். பிஎச்.டி.க்கு பேப்பர் வேணும்னு முதல்ல ஜர்னல்ல போட்டுடுறார். போட்டாச்சுன்னா அது ‘ஏற்கெனவே வெளியானது’, காப்புரிமை போச்சு. மக்கள் வரிப்பணத்துல பிறந்ததை எந்தக் கம்பெனியும் ஓசியில எடுத்துக்கலாம்.

2021-ல கல்வி நிறுவனங்களுக்குக் கட்டணத்தை 80% குறைச்சாங்க. நல்லதுதான், மறுக்கல. ரூ.1,600-க்கு தற்காலிக விண்ணப்பம் போட்டுட்டு மறுநாளே பேப்பர் அனுப்பலாம், முழு விண்ணப்பத்துக்கு 12 மாசம் டைம் இருக்கு. இதை அந்த மாணவர்கிட்ட யார் சொன்னது?

ஒன்றிய கல்வி அமைச்சர் அவர்களே, ‘பப்ளிஷ்டு’க்கு மார்க் போடுறதை நிறுத்துங்க. பேப்பர் அனுப்புறதுக்கு முன்னாடி பார்த்துச் சொல்ல, ஒவ்வொரு அரசுப் பல்கலைக்கழகத்துக்கும் விவரம் தெரிஞ்ச ஒரு ஆளைப் போட நிதி கொடுங்க.