ரெண்டு இன்ஜின் இருந்தா பயமில்லையா?

பைலட் ஆகணும்னு கிளம்புற நம்ம பசங்களுக்கு (பொண்ணுங்களும்தான்!) ஒரு நம்பிக்கை உண்டு. 'ரெண்டு இன்ஜின் பிளேனுக்குப் போயிட்டா கவலையே இல்ல. ஒண்ணு நின்னா இன்னொண்ணு காப்பாத்திடும்.'

கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா பைப்பர் செனகா மாதிரி சின்ன ரெட்டை பிஸ்டன் விமானத்துல ஒரு இன்ஜின் படுத்தா, போறது பாதி சக்தி. ஏறுற திறன்ல மட்டும் 80 சதவீதத்துக்கு மேல காலி! இன்ஜின்களோட பலத்துல பெரும்பங்கு சும்மா நேரா பறக்கவே செலவாகிடுது. மிச்சம் இருக்கிறதுதான் ஏறுறதுக்கு. அந்த மிச்சத்துலதான் கை வைக்குது, நின்னுபோன இன்ஜின்.

எந்த இன்ஜின் நின்னுச்சுன்னு எப்படித் தெரியும்? இடது நின்னா மூக்கு இடது பக்கம் இழுக்கும். நேராக்க வலது காலால ரட்டர் பெடலை அழுத்தணும். இடது கால் சும்மா கிடக்கும். சும்மா இருக்கிற கால் பக்கம்தான் செத்த இன்ஜின். ஆரணியில பட்டுத்தறிக் குழியில கால் வெச்சுப் பழகினவங்களுக்கு இது சட்டுனு புரியும். கண்ணு ஜரிகையில இருந்தாலும் எந்த மிதி இறங்கியிருக்குன்னு கால் சொல்லிடும்ல!

கால் சொன்னதும் சுவிட்சை அணைச்சிடக் கூடாது பாஸ். அந்தப் பக்க த்ராட்டிலை மெதுவா பின்னால இழுத்துப் பார்க்கணும். ஒரு மாற்றமும் இல்லைன்னாதான் அது செத்தது உறுதி. 2015 பிப்ரவரி 4-ல தைபேயில் டிரான்ஸ் ஏசியா விமானம் கிளம்பினதுமே ஒரு இன்ஜின் சக்தி இழந்தது. பதற்றத்துல நல்லா ஓடிட்டிருந்த இன்னொண்ணை நிறுத்திட்டாங்க. 43 பேர் பலி. அது பெரிய டர்போப்ராப் விமானம்தான், ஆனா சின்ன விமானத்துலயும் இதே தப்பு நடக்கும்.

அடுத்தது எரிபொருள். உயரம் போகப் போக காத்து மெலிசாகும். அதுக்கேத்த மாதிரி மிக்ஸ்சர் லீவரை இழுத்து பெட்ரோலைக் குறைக்கணும். விட்டுட்டா பிளக்குல கரி படியும், டேங்கும் சீக்கிரம் காலி. ரொம்பக் குறைச்சா இன்ஜின் சூடாகிடும். (ஜெட் எரிபொருள்ல ஓடுற டயமண்ட் 42-ல இந்த லீவரே கிடையாது, கம்ப்யூட்டர் பார்த்துக்கும். கொடுத்து வெச்சவங்க!) விமானப் புத்தகத்துல 'இத்தனை மணி நேரம் பறக்கும்'னு போட்டிருக்கிறது, லீவரை ஒழுங்கா இழுத்தவங்களுக்கு மட்டும்.

பைக்கை ரிசர்வ்ல போட்டு ஆரணியில இருந்து வேலூர் வரைக்கும் ஓட்டுற நம்ம ஆளுங்க இதைக் கேளுங்க. 1993 நவம்பர் 15. சென்னையில இருந்து ஹைதராபாத் போன இந்தியன் ஏர்லைன்ஸ் 440, ஏர்பஸ் ஏ300. ஹைதராபாத்துல பார்வைக்குத் தெரியலை, இறங்க முடியலை. மேல ஏறினா, இறக்கையோட 'பிளாப்' உள்ளே போக மாட்டேங்குது! அதோடவே சென்னைக்குத் திரும்பினாங்க. நீட்டிக்கிட்டிருந்த பிளாப் காத்துல மோதி மோதி எரிபொருளைத் தின்னுது. போட்ட கணக்கு தப்பிப் போச்சு. கடைசியில திருப்பதி பக்கத்துல நெல் வயல்ல இறக்கினாங்க. 262 பேரும் உயிரோட தப்பிச்சாங்க. அங்கேயும் ரெண்டு இன்ஜின்தான். டேங்க் காலியானா ரெண்டும் ஒண்ணுதான்!

பிஸ்டன் விமானம் இறங்கும்போது 45 நிமிஷத்துக்கான பெட்ரோல் கையிருப்பு இருக்கணும்ங்கறது சர்வதேச விதி. அந்த 45 நிமிஷம் நம்ம கணக்குல 'செலவுக்கு'ன்னு வரவே கூடாது.

கேஜ் முள்ளையும் முழுசா நம்ப மாட்டாங்க. தினமும் முதல் பறப்புக்கு முன்னாடி டேங்க் மூடியைத் திறந்து கண்ணால பார்த்துட்டு, அடியில இருந்து கொஞ்சம் கண்ணாடிக் குப்பியில வடிப்பாங்க. அவ்காஸ் 100எல்எல் பெட்ரோல் நீல நிறம். தண்ணி கலந்திருந்தா குப்பிக்கு அடியில தனியா நிக்கும். அப்போ கொட்டிட்டு மறுபடி வடிக்கணும், நீலம் மட்டும் வர்ற வரைக்கும்.