கற்பனையிலுமா நான்கு வருணம்?

சங்கரன்கோவிலில் விசைத்தறிக் கூடம் ஒன்றில் உழைக்கும் இளந்தோழர் ஒருவர், அண்மையில் நம்மிடம் தயங்கித் தயங்கி ஒரு செய்தி சொன்னார். அமீஷ் திரிபாதி 2010-இல் ஆங்கிலத்தில் எழுதி, தமிழிலும் வந்துவிட்ட 'மெலூஹாவின் அமரர்கள்' என்னும் நாவலை இரண்டே இரவுகளில் முடித்துவிட்டாராம். படித்தது மட்டுமன்று, சுவைத்தாராம்! "பகுத்தறிவு பேசுகிறவன் சிவன் கதையைச் சுவைக்கலாமா, அண்ணே?" என்றார், குற்றக் கூண்டில் நிற்பவர்போல.

சுவைக்கலாம் தோழரே, தாராளமாகச் சுவைக்கலாம்! சுவையைத் தடுப்பது நம் தொழிலன்று. அந்தத் தொழிலை நடத்தியவர்கள் வேறு. புலவர் குழந்தை 1946-இல் படைத்த இராவண காவியத்தை 1948-இல் தடைச் சட்டத்தால் கட்டிப் போட்டார்கள். 1971-இல் கலைஞர் ஆட்சியிலேதான் அந்தக் கட்டு அவிழ்ந்தது. இருபத்து மூன்று ஆண்டுகள் நம் கற்பனை சிறையிருந்தது. அந்த வடுவைச் சுமக்கும் நாமா இன்னொருவர் நூலைப் பூட்டி வை என்போம்?

நாமும் படித்தோம். நூலில் நல்லது இல்லை என்று சொல்லமாட்டோம். அங்கே சிவன் கடவுள் அல்லன். திபெத்து மலையினின்று இறங்கிவந்த ஒரு குலத் தலைவன். புகைப்பான், நகைப்பான், போரிடுவான், சதியைக் கண்டதும் தடுமாறுவான். அந்தச் சதியோ 'விகர்மா'. கணவனை இழந்தாள், குழந்தை இறந்தே பிறந்தது; ஆகவே முற்பிறவிப் பாவி, தீண்டத்தகாதவள் என்று நாடே ஒதுக்கி வைத்திருக்கிறது. அவளைத் தொட்டவன் சடங்கு செய்து தூய்மை பெறவேண்டுமாம்! சிவன் சீறுகிறான், அந்தச் சட்டத்தையே ஒழிக்கிறான். உடற்குறையோடு பிறந்து விரட்டப்பட்ட நாகர்களும் பாவிகள் அல்லர், உயிர் நீட்டிக்கும் சோமரசமே அவர்கள் குறைக்குக் காரணம் என்பதும் பின்வரும் தொகுதியில் வெளிப்படுகிறது. முற்பிறவிப் பொய்யின் முகத்திரையை ஒரு காதற்கதை கிழிக்குமானால், நாம் ஏன் முகம் சுளிக்கவேண்டும்?

நாம் வெகுண்ட இடம் வேறு. மெலூஹா நாட்டிலே பிறக்கும் குழந்தைகளையெல்லாம் அரசு எடுத்துச் சென்று, ஒன்றாய் வளர்த்து, பதினைந்து வயதில் தேர்வு வைத்து, நீ பிராமணன், நீ சத்திரியன், நீ வைசியன், நீ சூத்திரன் என்று பங்கிடுமாம். பிறப்பால் அன்று, தகுதியால் என்கிறது கதை. அடடா, என்ன பெருந்தன்மை! தகுதி பார்த்துச் சூட்டினால் மட்டும் 'சூத்திரன்' என்ற சொல் மணக்குமோ? பழைய இழிவுக்குப் புதிய மதிப்பெண் பட்டியல்! சாவைத் தள்ளிப்போடும் மருந்தைக் கற்பிக்க முடிந்த ஆசிரியருக்கு, நான்கு வருணம் இல்லாத ஒரே ஓர் ஊரைக் கற்பிக்க முடியவில்லையே, ஏன்?

அந்த ஏற்பாட்டை வகுத்தவன் இராமனாம்! வால்மீகியின் உத்தர காண்டத்தை ஒரு முறை புரட்டுங்கள். சூத்திரன் தவம் செய்தான் என்பதற்காகச் சம்பூகன் தலையை வாளால் வெட்டிய கை எவர் கை? அதே கையில் தகுதித் தராசைக் கொடுத்து நிறுத்துகிறது புதிய நாவல். சம்பூகனைப் படித்திராத பிள்ளை இதை நம்பிவிடாதா? சுவைக்கும்போது விழிப்புக் குறையும். நம் அச்சம் அதுதான்.

தவம் என்றதும் தோழரின் ஊரே நினைவுக்கு வருகிறது. சங்கனும் பதுமனும் நாக அரசர்களாம். சிவன் பெரியவனா, திருமால் பெரியவனா என்று சண்டையாம். இருவரையும் ஓருருவில் காண வேண்டிக் கோமதி தவம் நிற்க, சங்கரநாராயணன் பாதி பாதியாய்த் தோன்றினானாம். ஆண்டுதோறும் ஆடித்தபசுக்குக் கூட்டம் அலைமோதுகிறது. புற்று மண்ணை மருந்தென்று அள்ளிச் செல்கிறார்கள். அதுவும் ஒரு காதற்கதைதான், நாவலைவிடப் பழையது! கோமதியின் தவத்துக்குக் காட்சி, சம்பூகன் தவத்துக்குக் கொலைவாள். இரண்டு கடவுளரை ஒட்டவைத்த அந்தக் கற்பனை, இரண்டு தெருக்களை ஒட்டவைக்கவில்லை. தென்னாட்டின் தலைக்கோயிலான மதுரை மீனாட்சி கோயிலிலேயே ஒடுக்கப்பட்ட மக்கள் கால்வைத்தது 1939-இல். அதற்கு அரணாகச் சென்னை மாகாணம் சட்டம் செய்ததும் அதே ஆண்டில்தான். அரியும் அரனும் ஒன்று என்று பாடியவர்கள், ஆளும் ஆளும் ஒன்று என்று சொல்ல அத்தனை நூற்றாண்டு வாய் திறக்கவில்லை.

இவற்றையெல்லாம் தோழரிடம் சொன்னோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "சம்பூகனைச் சதியின் இடத்தில் வைத்து ஒருவர் எழுதினால் எப்படியிருக்கும், அண்ணே?" என்றார். எழுதுங்கள் என்றோம். தறி ஓடும் நேரம் போக ஒழிவு எங்கே என்று சிரித்தார். ஆனாலும் போகும்போது நம் மேசையிலிருந்து ஒரு கோடிட்ட நோட்டை எடுத்துக்கொண்டுதான் போனார்.