வடிகாலின் வாய்

மழைநீர் வடிகால் அமைப்பதென்றால், தெருவோரத்தில் பள்ளந் தோண்டிக் குழாயைப் பதித்து மூடிவிடுவதே முழு வேலை என்ற எண்ணம் நம் ஸ்தல ஸ்தாபனங்களில் வேரூன்றியிருக்கிறது. அக்குழாய் கால்வாயிலோ ஆற்றிலோ சென்று சேருமிடத்தில் நேரிடுவது யாதென்று சிந்திப்பார் மிகச் சிலரே. 2015-ம் ஆண்டு டிசம்பர் வெள்ளத்துக்குப் பின் சென்னையில் வடிகால் வேலைகள் பெருமளவில் நடந்திருக்கின்றன. அந்நீரில் பெரும்பகுதி கூவத்தையோ, அடையாற்றையோ, கோசஸ்தலையாற்றையோ, பக்கிங்ஹாம் கால்வாயையோ அடைந்தாக வேண்டும். ஆதலின் இவ்விஷயம் அற்பமானதன்று.

கரையின் நடுவிலே குழாயை நீட்டி விட்டுவிட்டால், நீர் அருவிபோல் வீழ்கிறது. 1 மீட்டர் உயரத்திலிருந்து வீழும் நீர், தரையைத் தொடும்போது விநாடிக்குச் சுமார் 4.4 மீட்டர் வேகம் கொள்ளும். மணற்பாங்கான மண்ணோ, விநாடிக்கு அரை மீட்டர் வேகத்தைக் கடந்தாலே கரையத் தலைப்படும். வேகம் இரட்டித்தால் நீரின் சக்தி நான்கு மடங்காகும். ஆகவே முதலில் குழாயின் வாய்க்குக் கீழ் ஒரு குழி விழுகிறது. பின்னர் கரையின் அடி குடையப்படுகிறது. ஆதாரமிழந்த கடைசிக் குழாய் முறிந்து வீழ்கிறது. முறிந்த இடத்தில் அரிப்பு மறுபடியும் தொடங்கி, முடிவில் கரைமேலுள்ள சாலையையே விழுங்கப் பார்க்கிறது. கரைந்த மண் கால்வாயில் மேடாகப் படிந்து வெள்ளத்தைத் தடுக்கிறது. அதை வாருவதற்கு மீண்டும் பொதுஜனங்களின் பணம்!

இதற்குப் பரிகாரம் நம்மவர் அறியாததன்று. ஏரி நிரம்பி வழியும் கலிங்கின் கீழே கல் பாவி, நீரின் வேகத்தை அடக்கி வெளியே விடுவது நம் நாட்டுப் பழைய முறை. ஆங்கில இஞ்ஜினீயர்கள் அச்சொல்லையே ‘கலிங்குலா’ எனத் தங்கள் நூல்களில் எழுதிக்கொண்டனர். குழாயின் வாய்க்கும் அதே நியாயந்தான் பொருந்தும். குழாய் கால்வாயின் அடிமட்டத்தை ஒட்டி, நீரோட்டத்தின் திசையை நோக்கிச் சாய்ந்து முடிய வேண்டும். அதன் முகப்பில் உறுதியான சுவரும், அச்சுவரின் அஸ்திவாரம் அரிப்பு எட்டாத ஆழத்திலும் அமைய வேண்டும். அதற்கப்பால் குழாயின் விட்டத்தைப்போல் நான்கு முதல் எட்டு மடங்கு நீளத்துக்குப் பெருங்கற்களைப் பரப்ப வேண்டும். கற்களுக்கு அடியில் சரளைப் படுகை இன்றியமையாதது. இன்றேல் கற்களின் இடுக்கு வழியே மண் உறிஞ்சப்பட்டுக் கற்களே புதைந்துபோகும். பக்கத்துக் கரைச் சரிவில் வெட்டிவேர் நட்டால் அது மண்ணைப் பிடித்து நிற்கும்.

“இவ்வளவுக்கும் பணம் ஏது?” என்று கேட்பார்கள். கல்லும் சரளையும் கிடைத்தற்கரிய பொருள்களல்ல. ஒருமுறை செய்யும் இச்செலவுக்குப் பின்வாங்கி, இடிந்த கரைக்கும் படிந்த மண்ணுக்கும் ஆண்டுதோறும் செலவிடுவது எவ்வகைச் சிக்கனம்? குழாயின் நீளத்தை மாத்திரம் அளந்து பில் எழுதும் மனோபாவம் ஒழிய வேண்டும். வாயைக் காக்கும் வேலையும் எஸ்டிமேட்டிலேயே தனி இனமாக இடம்பெற வேண்டும். அது முடிவுறாத எந்த வடிகாலையும் முற்றுப்பெற்றதாக ஒப்புக்கொள்ளலாகாது.

பொதுநலத் தொண்டர்களுக்கும் இதில் கடமையுண்டு. வடகிழக்குப் பருவமழை ஐப்பசியில் வலுக்கும். அதற்கு முன்னரே தத்தம் வட்டாரத்துக் கால்வாய்க் கரைகளை நடந்து பாருங்கள். குழிவிழுந்த வாய்களைக் குறித்து, அங்கத்தினர்களிடம் எழுத்து மூலம் கேளுங்கள். நீரைக் கொண்டுபோய்க் கொட்டுவது வடிகாலாகாது. கரைக்குக் கேடின்றிச் சேர்ப்பிப்பதே வடிகால்.