கையெழுத்து வாங்க வாசலில் நின்ற தலைவர்

வீரசோழன் சந்தையில் அண்மையில் எங்கள் அக்காவைப் பார்த்தேன். சித்தி மகள். இரண்டு வெள்ளாட்டங்குட்டிகளை விற்றுவிட்டு பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தார். 2011 தேர்தலில், பட்டியல் சாதிப் பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட ஓர் ஊராட்சிக்குத் தலைவராக வென்றவர். ஐந்தாண்டுக் காலத்தில் எது நினைவிருக்கிறது என்று கேட்டேன். "வாசப்படிதான் தம்பி" என்றார்.

ஊராட்சிக் கணக்கில் பணம் எடுக்கக் காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். தலைவர் பதவி ஒதுக்கீட்டுக்குரியது. துணைத் தலைவரை வார்டு உறுப்பினர்கள் தேர்ந்தெடுப்பார்கள். அக்காவின் ஊரில் அவர் ஆதிக்க சாதிக்காரர். ஒரு கோடையில் குடிநீர் மோட்டார் எரிந்துபோனது. காசோலைப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அக்கா அவர் வீட்டு வாசலுக்கு நான்கு முறை நடந்தார். "திண்ணையில உக்காருன்னுகூடச் சொல்லல. தெருவுல நின்னுதான் கூப்பிடணும். இல்லன்னு உள்ள இருந்து பதில் வரும்" என்றார். அதுவரை ஊரே ஊரணித் தண்ணீரைக் குடித்தது. ஆதிக்க சாதித் தெருவும் அதைத்தான் குடித்தது. தாங்கள் தாகத்தோடு கிடந்தாலும் பரவாயில்லை, அவள் கையெழுத்தில் தண்ணீர் வரக்கூடாது. சாதி என்றால் இதுதான்.

சந்தையில் அக்காவின் ஆட்டுக்கு எல்லாக் கையும் காசு நீட்டுகிறது. ஊருக்குள் அதே கையின் கையெழுத்துக்கு மதிப்பில்லை.

அக்காவைத் தலைவராக்கியது அரசமைப்புச் சட்டத்தின் 73ஆவது திருத்தம். 1993 ஏப்ரல் 24இல் நடைமுறைக்கு வந்தது. அதில் வரும் 243டி பிரிவு, மக்கள்தொகை விகிதப்படி பட்டியல் சாதியினருக்கும், மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பெண்களுக்கும் இடம் ஒதுக்கச் சொல்கிறது. தமிழ்நாட்டில் இதன்படி முதல் தேர்தல் 1996இல் நடந்தது. அப்போது என்ன நடந்தது என்பதை மதுரை மாவட்டம் மேலவளவு சொல்லும். அங்கே வாக்குப்பதிவே குலைக்கப்பட்டது. மறுதேர்தலில் வென்ற முருகேசன், ஊராட்சி அலுவலகத்துக்குள் போக முடியாத தலைவராகவே இருந்தார். 1997 ஜூன் 30 அன்று மதுரையில் ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய்விட்டு பஸ்ஸில் திரும்பும் வழியில் அவரும் உடன் வந்த ஐந்து பேரும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அந்த வழக்கில் 17 பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. அவர்களில் 13 பேரை 2019 நவம்பரில் அரசே முன்கூட்டி விடுதலை செய்தது.

அமெரிக்க வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நம்மூர்தான் நினைவுக்கு வருகிறது. உள்நாட்டுப் போருக்குப் பின் அங்கே ஐந்தாண்டுகளில் மூன்று திருத்தங்கள் வந்தன. 1865இல் 13ஆவது திருத்தம் அடிமைமுறையை ஒழித்தது. 1868இல் 14ஆவது திருத்தம் குடியுரிமையும் சட்டத்தின் முன் சம பாதுகாப்பும் தந்தது. 1870இல் 15ஆவது திருத்தம் நிறத்தைக் காட்டி வாக்குரிமையை மறுக்கக் கூடாது என்றது. அதே 1870இல் மிசிசிப்பியிலிருந்து ஹைரம் ரெவல்ஸ் என்ற கறுப்பர் செனட்டரானார்.

பதில் தாக்குதல் உடனே வந்தது. 1873இல் லூசியானாவின் கோல்ஃபாக்ஸில், தேர்தல் தகராறைத் தொடர்ந்து உள்ளூர் நீதிமன்றக் கட்டடத்தைக் காத்து நின்ற கறுப்பின மக்களை வெள்ளையர் கும்பல் கூட்டம் கூட்டமாகக் கொன்றது. குற்றவாளிகளுக்குக் கிடைத்த தண்டனையை 1876இல் உச்ச நீதிமன்றம் செல்லாததாக்கியது. திருத்தம் அரசைத்தான் கட்டுப்படுத்தும், தனிமனிதர் செய்யும் வன்முறையை அல்ல என்றது. பிறகு எழுத்தறிவுத் தேர்வு, வாக்கு வரி என்று ஒவ்வொன்றாக வந்தன. எதிலும் 'கறுப்பர்' என்ற சொல்லே இருக்காது. 1881க்குப் பிறகு 1967 வரை செனட்டில் ஒரு கறுப்பர்கூட இல்லை. இத்தனை காலமும் 15ஆவது திருத்தம் ஓர் எழுத்துகூட மாறாமல் புத்தகத்தில் இருந்தது.

இதைத்தான் நம் தோழர்கள் கவனிக்க வேண்டும். உரிமையைப் பறிக்க அரசமைப்பைத் திருத்த வேண்டியதில்லை. நடைமுறையைக் கையில் வைத்திருந்தால் போதும். அங்கே வாக்காளர் பதிவு எழுத்தர். இங்கே துணைத் தலைவரின் பேனா.

அண்ணல் அம்பேத்கர் இதை அறிந்தே இருந்தார். 1947இல் அவர் எழுதிய 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' அறிக்கையில் உரிமைகளைப் பட்டியலிட்டதோடு நிற்கவில்லை. சமூகப் புறக்கணிப்பைத் தண்டனைக்குரிய குற்றமாக்கவும் கேட்டார். உரிமையைக் கொடுத்துவிட்டு, அதைப் பயன்படுத்துபவனை ஊரே ஒதுக்கி வைக்க விட்டால் அந்த உரிமையால் பயனில்லை என்பது அவருக்குத் தெரியும்.

அமெரிக்காவில் முடிச்சை அவிழ்த்தது 1965. அலபாமாவின் செல்மாவைச் சுற்றியிருந்த டல்லாஸ் மாவட்டத்தில் மக்களில் பாதிப்பேர் கறுப்பர்கள். வாக்காளராகப் பதிவானவர்கள் அவர்களில் சுமார் 2 விழுக்காடுதான். மார்ச் 7 அன்று பாலத்தில் அடிவாங்கியவர்களின் போராட்டம், ஆகஸ்ட் 6 அன்று வாக்குரிமைச் சட்டமாகியது. அந்தச் சட்டம் புதிய உரிமை எதையும் தரவில்லை. சுமையை இடம் மாற்றியது. பாகுபாட்டுக்குப் பேர்போன மாநிலங்கள் தேர்தல் விதியை மாற்றுமுன் மத்திய அரசிடம் அனுமதி பெற வேண்டும். தங்கள் மாற்றம் பாகுபாடு அல்ல என்று தாங்களே மெய்ப்பிக்க வேண்டும். மறுக்கிற இடங்களில் மத்திய அரசின் அலுவலரே வாக்காளரைப் பதிவு செய்வார். இதன் பிறகுதான் மிசிசிப்பியில் 7 விழுக்காட்டுக்கும் குறைவாக இருந்த கறுப்பர் பதிவு இரண்டு மூன்று ஆண்டுகளில் 60 விழுக்காட்டை நெருங்கியது. 2013இல் உச்ச நீதிமன்றம் அந்த முன் அனுமதி முறையை முடக்கியது என்பதையும் மறக்கக் கூடாது. காவல் இல்லாத உரிமை மறுபடி களவு போகும்.

நம்மிடமும் இதற்குச் சான்று உண்டு. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், எங்கள் விருதுநகர் மாவட்டத்தின் கொட்டக்கச்சியேந்தல் ஆகிய நான்கு ஊராட்சிகளிலும் 1996 முதல் பத்தாண்டுகள் தலைவர் பதவி காலியாகவோ, பொம்மை வேட்பாளர் வென்றவுடன் ராஜினாமா செய்வதாகவோ கழிந்தது. 2006இல் நான்கிலும் தேர்தல் நடந்தது. இடையில் எந்தத் திருத்தமும் வரவில்லை. அரசு நடத்துவது என்று முடிவெடுத்தது, நடந்தது. அப்படியானால் முந்தைய பத்தாண்டுகள் நடக்காததும் ஒரு முடிவுதானே?

'ஊர் ஒற்றுமை கெடும்' என்பார்கள். ஒருவரைத் தெருவில் நிறுத்தி வைத்துக் காக்கும் ஒற்றுமை கெடட்டும். 'இரட்டைக் கையெழுத்து ஊழலைத் தடுக்கிறது' என்பார்கள். கணக்கு கேட்பது வேறு, கழுத்தைப் பிடிப்பது வேறு. தணிக்கை இருக்கட்டும், அதை வீட்டுத் திண்ணையிலிருந்து எடுத்து அலுவலகத்தில் வையுங்கள்.

நாம் கேட்பது மூன்று. ஒதுக்கீட்டு ஊராட்சிகளில், காரணத்தை எழுத்தில் தராமல் துணைத் தலைவர் ஏழு நாளில் கையெழுத்திடவில்லை என்றால், அந்த அதிகாரம் தானாகவே ஒன்றிய அலுவலரிடம் போக வேண்டும். தலைவர் மனுவோடு அலையக் கூடாது. நாற்காலியும் கொடியேற்றும் உரிமையும் மறுக்கப்பட்டால், பாதிக்கப்பட்டவரின் புகாருக்குக் காத்திராமல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவாக வேண்டும். தலைவர்கள் கொடியேற்றுவதை உறுதிசெய்யச் சொல்லி 2022இல் தலைமைச் செயலாளரே ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுத வேண்டி வந்தது என்றால், நோய் அரசுக்கும் தெரிந்ததுதான். மூன்றாவது, உள்ளாட்சித் தேர்தலை உரிய காலத்தில் நடத்துங்கள். 2016 இறுதி முதல் மூன்றாண்டுகளுக்கு மேல் நம் ஊராட்சிகள் தனி அலுவலர்கள் கையில் இருந்தன. தேர்தலே இல்லாதபோது ஒதுக்கீடு ஏது?

பஸ் வந்தது. ஏறும்போது அக்காவிடம், மறுபடி நிற்பீர்களா என்று கேட்டேன். "நிப்பேன். ஆனா அந்த வாசலுக்குப் போகமாட்டேன். அவரு ஆபீசுக்கு வரட்டும்" என்றார்.

சட்டம் செய்ய வேண்டியது அவ்வளவுதான்.